ஹேண்டோவரில் எழுதாதது

சிங்கப்பூருக்கு வெளியே, நங்கூரத்தில்
11.02.2024

அன்புத் தம்பி ரியாசுதீனுக்கு,

நீ ஏறி வரும் படகிலேயே நான் இறங்கிப் போகிறேன். நமக்குக் கிடைக்கப்போவது பத்து நிமிடம். ஒருவன் பையை இன்னொருவன் வாங்கிக் கொடுப்பதற்கே அது சரியாக இருக்கும். அதனால் வழக்கம்போல கேபின் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இந்தத் தாளை வைத்துவிட்டுப் போகிறேன். வேலையை ஒப்படைக்க ஆபீஸுக்கு எழுதும் ஹேண்டோவர் இங்கிலீஷில் பதினாறு பக்கம், ஃபைலில் இருக்கிறது. அது சீஃப் இன்ஜினியர் படிக்க, கம்பெனி படிக்க. நிஜமானது இது.

இரண்டாம் நம்பர் ஜெனரேட்டர் முணுமுணுத்துக்கொண்டே ஓடும். மாமியார் மாதிரி, பேசட்டும் என்று விட்டுவிடு. மூன்றாம் நம்பர் சத்தமே போடாது, அதைத்தான் நம்பக்கூடாது. பாய்லர் தண்ணீர் பம்புக்குப் புது சீல் போட்டிருக்கிறேன். லைஃப்போட் இன்ஜின் முதல் தடவையில் கிளம்பாது. பாதுகாப்பு டிரில் அன்றைக்கு கேப்டன் வந்து நிற்பதற்கு முன்பே போய் ஒரு தடவை ஓட்டி வைத்துவிடு. கேபின் ஏ.சி. கட்டிலின் தலைமாட்டில் சொட்டும், தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிக்கொள். சமையல்காரர் புதுசு. எதைக் கேட்டாலும் தக்காளி சாஸை ஊற்றிக் கொடுக்கிறார், சண்டைக்குப் போகாதே.

உனக்குத் தெரியாத ஆள் ஒருவர் இருக்கிறார். பெயர் அழகுமலை, இன்ஜின் ரூமில் வேலை பார்க்கும் மோட்டார்மேன். நம் கொடும்பாளூர்க்காரர், ஐம்பத்திரண்டு வயது. நவம்பரில் நான்தான் ஏஜென்டிடம் சொல்லி ஏற்றிவிட்டேன். ஒரு வேலை சொன்னால் மூன்று முடித்து வைப்பார், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அவரை நீ முழுசாக நம்பலாம்.

ரொம்பவும் அசந்து போயிருக்கிறேன், தம்பி. ஐந்து மாதத்தில் சேர்ந்தாற்போல ஆறு மணி நேரம் தூங்கிய நாளை விரல் விட்டு எண்ணலாம். மூன்று வருஷமாக இந்த ஒரே இன்ஜினியர் வேலையை நீயும் நானும் மாற்றி மாற்றிச் சுமக்கிறோம். இறக்கி வைத்த மாதிரியே இல்லை. ஊருக்குப் போனதும் உன் அண்ணி செபமாலைக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். கீரனூருக்கும் திருச்சிக்கும் பஸ்ஸில் அலைவதுதான் இந்தத் தடவை லீவு.

வேறு எதுவும் விட்டுப்போனதாக நினைவில்லை.

உன் அண்ணன்
ஆரோக்கியதாஸ்


கடலில்
09.03.2024

தாஸ் அண்ணனுக்கு ரியாசுதீன் எழுதுவது.

இதைக் கையால் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறேன். நெட் கிடைக்கும்போது வந்து சேரும். போனில் பேசலாம் என்றால் மெஸ் ரூமில் நின்றுதான் பேச வேண்டும். சீஃப் பக்கத்திலேயே டீ குடித்துக்கொண்டிருப்பார், அவருக்குத் தமிழ் அரைகுறையாகப் புரியும்.

ஏ.சி. சொட்டுவதை எழுதினீர்கள். தக்காளி சாஸை எழுதினீர்கள். ஜெனரேட்டர் டீசல் டேங்க் வால்வுக்கு அடியில் ஒரு போல்ட்டைச் சொருகி வைத்திருப்பதை எழுத மட்டும் உங்களுக்குக் கை வரவில்லை.

ஒன்றாம் தேதி மாதாந்திர டெஸ்ட். மேல் தளத்து அறையில் கைப்பிடிகளை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டுக் கீழே ஓடினேன். மற்ற டேங்க்குகளின் வால்வெல்லாம் படக்கென்று மூடிக் கிடக்கிறது. இது மட்டும் திறந்தபடி நிற்கிறது. குனிந்து டார்ச் அடித்தால் லீவர் விழாமல் தாங்கிக்கொண்டு ஒரு போல்ட். இன்ஜின் ரூமில் தீப்பிடித்து நாமெல்லாம் வெளியே ஓடி வந்தபிறகு, எண்ணெய் வருவதை வெளியிலிருந்தே நிறுத்த இருக்கும் ஒரே வழி அந்தக் கைப்பிடிதான். அதை வெறும் கம்பியாக்கி வைத்துவிட்டு, ஐந்து மாதமாக 'சோதித்தேன், சரியாக இயங்கியது' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஃபைலில் ஐந்தையும் பார்த்தேன்.

நீங்கள்தானா, உங்களுக்கு முன்னாலேயே இருந்ததா என்று கேட்கவே தேவையில்லை. உங்களுக்கு முன்னால் இருந்தது நான்.

போல்ட்டைப் பிடுங்கி எறிந்தேன். நாலாம் தேதி ஆற்று வழியாகத் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். கப்பலுக்கு வழிகாட்ட ஏறிய துறைமுகப் பைலட் மேலே நிற்கிறார். இரண்டு பக்கமும் மீன்பிடிப் படகுகள். அந்த வால்வு அதிர்விலேயே தானாக விழுந்துவிட்டது. டீசல் இல்லை, ஜெனரேட்டர் நின்றது, கப்பல் முழுக்க இருட்டு, சுக்கான் திரும்பவில்லை. எமர்ஜென்சி ஜெனரேட்டர் ஓட ஆரம்பிப்பதற்குள் ஒரு படகை இடிக்க இருந்தோம். அதில் இருந்தவர்கள் துடுப்பைத் தூக்கிக் காட்டிக் கத்தியது மேலே இருந்தவர்களுக்குக் கேட்டதாம். கேப்டன் என்னைக் கூப்பிட்டுக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

லீவரைப் பிடிக்கும் கொக்கி தேய்ந்து மழுங்கிவிட்டது. சீஃபிடம் போனேன். "ஜூலையில ரிப்பேருக்கு டிரை டாக்ல ஏத்துவாங்க, அங்க மாத்திக்கலாம், அது வரைக்கும் பார்த்து ஓட்டு" என்கிறார். எப்படிப் பார்த்து ஓட்டுவது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எறிந்த போல்ட்டைத் தேடி எடுத்து, பிடுங்கிய கையாலேயே திரும்பச் சொருகினேன். மார்ச் மாதக் கையெழுத்தும் போட்டாயிற்று.

இப்போது நானும் உங்களோடு சேர்த்திதான். அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது. மூன்று நாளில் நோன்பு ஆரம்பம். பொய்க் கையெழுத்துப் போட்ட கையோடு நோன்பு பிடிக்கப் போகிறேன்.

அண்ணி ஆபரேஷன் நல்லபடி முடிந்ததா? அதையும் எழுதுங்கள்.

ரியாசுதீன்


கீரனூர்
20.03.2024

அன்புத் தம்பி,

செபமாலைக்கு நல்லபடி முடிந்தது. ஏழு நாள் திருச்சியில், இப்போது வீட்டில். நீ கோபத்திலும் அதைக் கேட்டிருந்தாய்.

நான் மறக்கவில்லை. பொய் சொன்னேன். 'வேறு எதுவும் விட்டுப்போனதாக நினைவில்லை' என்று எழுதும்போது அந்த வால்வு என் கண் முன்னால்தான் நின்றது. அதை எழுதினால், ஐந்து கையெழுத்தும் பொய் என்று நானே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். பேனாவை மூடிவிட்டேன்.

எனக்கும் உனக்கு நடந்த மாதிரிதான் நடந்தது. செப்டம்பரில் இரண்டு தடவை தானாக விழுந்தது. ஸ்பேர் கேட்டு மூன்று தடவை எழுதினேன், மூன்றையும் ஆபீஸ் பார்த்ததாகப் பதில் வந்தது. பார்த்ததோடு சரி. சீஃப் ஒரு நாள் அந்தப் பக்கம் வந்து, வால்வைப் பார்த்து, என்னைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பிடுங்கியிருப்பேன். அடுத்த துறைமுகம் வரைக்கும் இருக்கட்டும் என்றுதான் சொருகினேன். அடுத்த துறைமுகம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. தினமும் அதைக் கடந்து போகிறோம், ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் அதுவும் ஒரு பைப் மாதிரி, ஒரு கேஜ் மாதிரி அங்கேயே இருப்பதாகக் கண்ணுக்குப் பழகிவிட்டது.

நீ பெரிய யோக்கியன் மாதிரி எழுதியிருந்தாய் என்று முதலில் எனக்கும் சுர்ரென்றது. நீயும் திரும்பச் சொருகியதைப் படித்தபிறகு கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது?

தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செபமாலை கட்டிலில் இருந்தபடியே, "என்னங்க, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? கப்பல்ல எதுவும் ஆச்சா?" என்றாள். ஒன்றும் ஆகவில்லை என்றேன். உண்மைதானே, இதுவரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஜூலை வரைக்கும் ஓடிவிட்டால் போதும்.

ஒன்று செய். கடலில் போல்ட்டை எடுத்துவிடு, ஆற்றிலும் துறைமுக வாயிலிலும் மட்டும் போடு. நான் அதைக்கூடச் செய்யவில்லை.

ஆரோக்கியதாஸ்


கொழும்பு
04.05.2024

தாஸ் அண்ணனுக்கு,

தகவல் உங்களுக்கு வந்திருக்கும். முழுசாக வந்திருக்காது.

நீங்கள் சொன்னபடிதான் செய்துகொண்டிருந்தேன். கடலில் எடுப்பேன், ஆறு வந்தால் போடுவேன். ஏப்ரல் இருபத்தாறாம் தேதி துறைமுகத்தை விட்டு வெளியே வந்தோம். எடுக்க வேண்டும். அன்றைக்குப் பதினெட்டு மணி நேரம் வேலை, குளித்துவிட்டு வந்து எடுக்கலாம் என்று கேபினுக்குப் போனேன். உட்கார்ந்தேன். அவ்வளவுதான், அடுத்த நாள் காலை ஏழு மணிக்குத்தான் எழுந்தேன்.

ஏழேகாலுக்குத் தீ. இரண்டாம் நம்பர் ஜெனரேட்டரின் டீசல் பைப் வெடித்து, சூடான புகைக்குழாய்மேல் பீய்ச்சியடித்தது. எல்லோரும் வெளியே ஓடி வந்துவிட்டோம். டெக்கில் நிறுத்தி எண்ணினார்கள். சீஃப் கைப்பிடிகளை எல்லாம் இழுத்தார். "ஆல் ஷட்" என்று கேப்டனிடம் சொன்னார். எனக்குத் தெரியும், ஒன்று மூடவில்லை. சொல்ல வேண்டும். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன், அண்ணே. எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. ஒரு நிமிடமாக இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம்.

மறுபடி எண்ணும்போது ஒரு ஆள் குறைந்தது. அழகுமலை அண்ணன். கார்பன் டை ஆக்சைடை உள்ளே திறந்துவிட்டால் தீ அணையும், ஆனால் உள்ளே ஆள் இருந்தால் அவரும் போய்விடுவார். ஆள் எண்ணிக்கை சரியாகாமல் கேப்டனால் திறக்க முடியவில்லை. பதினாலு நிமிடம். கப்பலே எரிந்துவிடும் என்று ஆளாளுக்குக் கத்துகிறார்கள். யாரோ, "கிழவன் பாஸ்போர்ட்ட எடுக்கப் போயிருப்பான்" என்றான்.

பின்பக்கத்துக் கதவு வழியாக அவர் வந்தார். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் வெந்திருந்தது. டெக்கில் உட்கார்ந்து, "தண்ணி" என்றார். அதன்பிறகு தீ தானாகவே அடங்க ஆரம்பித்தது. எண்ணெய் நின்றுபோனால் எரிய என்ன இருக்கிறது? மிச்சத்தை ஹோஸ் வைத்தே அணைத்துவிட்டார்கள்.

மறுநாள் முதலில் உள்ளே இறங்கியவன் நான். வால்வு மூடியிருந்தது. போல்ட் தரையில் கிடந்தது, பக்கத்திலேயே ஒரு ஸ்பேனர். அந்த நெருப்பில் கீழே போய், தட்டித் தட்டி அதை விழ வைத்திருக்கிறார்.

போல்ட்டை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மேலே வந்தேன். யாரும் பார்க்கவில்லை. கடலில் போட்டுவிட்டேன். ஏன் போட்டேன் என்று கேட்காதீர்கள். யோசித்துச் செய்யவில்லை, கை செய்தது.

அவரை இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். பத்து நாளில் ஊருக்கு அனுப்புவார்களாம்.

தட்டிவிட்ட அவரையும் நம் இரண்டு பேரையும் தவிர, போல்ட் இருந்தது யாருக்கும் தெரியாது. சீஃபுக்குத் தெரியும், அவர் சாகும்வரை சொல்லமாட்டார்.

ரியாசுதீன்


கீரனூர்
11.05.2024

அன்புத் தம்பி,

படித்துவிட்டு நேரே கோயிலுக்குப் போனேன். உள்ளே போக மனம் வரவில்லை, வெளியே வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

நீ செய்தது சரி என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. தப்பு என்று சொல்ல யோக்கியதை இல்லை. உயிர் போகவில்லை, அதைப் பிடித்துக்கொள்வோம். போல்ட் போனது போனதுதான். இனிமேல் அதைப் பற்றி நீயும் எழுதாதே, நானும் எழுதமாட்டேன். இரண்டு பேர் இன்ஜினியர் சர்டிபிகேட்டும் இதில் தொங்குகிறது. பத்தொன்பது வருஷம் கப்பலைத் தவிர வேறு வேலை பார்க்காதவன் நான். இறங்கு என்று சொன்னால் எங்கே போவேன்?

அழகுமலையைப் பற்றி நினைக்காமலிருக்கப் பார்க்கிறேன். முடியவில்லை.

ஆரோக்கியதாஸ்


கடலில்
29.05.2024

தாஸ் அண்ணனுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதும்படி ஆகிவிட்டது.

விசாரணை அறிக்கையின் வரைவு வந்திருக்கிறது, சீஃப் காட்டினார். டீசல் பைப் பழசாகி வெடித்தது. வெளியிலிருந்து கைப்பிடியை இழுத்ததும் எல்லா வால்வும் சரியாக மூடின. இதெல்லாம் சரி, எதிர்பார்த்ததுதான். ஒன்பதாவது பாராவில் அழகுமலை. உத்தரவில்லாமல் ஆள் எண்ணும் வரிசையிலிருந்து போனார், ஏற்கெனவே மூடியிருந்த வால்வை மூடுவதற்காகப் போனதாகச் சொல்கிறார், அவரால் வாயு திறப்பது பதினாலு நிமிடம் தாமதமாயிற்று, இருபத்தோரு பேர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினார், காயத்துக்கு அவரே பொறுப்பு, இனிமேல் எந்தக் கப்பலிலும் அவரை ஏற்றக்கூடாது.

கொழும்பில் அவரிடம் வாக்குமூலம் வாங்கியிருக்கிறார்கள். 'வால்வு மூடப் போனேன்' என்று ஒரே வரி. போல்ட் என்ற வார்த்தையே அதில் இல்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குப் புரியவில்லை. தட்டி விழ வைத்தவரே அவர்தானே.

ஜூன் பதினாலாம் தேதி விசாகப்பட்டினத்தில் கம்பெனி சூப்பரின்டென்டென்ட் ஏறுகிறார். நான் அறிக்கைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். உங்களுக்கும் மெயில் வரும், நீங்கள் இறங்கும்போது வால்வு எப்படி இருந்தது என்று கேட்பார்கள். 'சரியாக இருந்தது' என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். கையெழுத்துப் போட்ட மறுநாள் என்னை இறக்கிவிடுகிறார்கள், டிக்கெட் வந்துவிட்டது. பதினேழாம் தேதி ஹஜ்ஜுப் பெருநாள். மூன்று வருஷமாக ஒரு பெருநாளைக்குக்கூட நான் கோட்டைப்பட்டினத்தில் இல்லை. என் வீட்டுக்காரி பரக்கத் நிஷா போனில், "இந்தத் தடவையாச்சும் வருவீங்களா, இல்ல வழக்கம்போலத்தானா?" என்றாள். வருகிறேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறேன்.

எனக்கு அலுத்துவிட்டது, அண்ணே. சரியோ தப்போ, முடிந்தால் போதும் என்றிருக்கிறது. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும்.

அழகுமலை அண்ணன் ஊருக்கு வந்துவிட்டாராம். உங்களுக்குப் பக்கம்தானே. ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் போக முடியாது.

ரியாசுதீன்


கீரனூர்
09.06.2024

அன்புத் தம்பி,

வியாழக்கிழமை போனேன். அதற்கு முன்னால் இரண்டு தடவை கிளம்பி, விராலிமலை வரைக்கும் போய், டீயைக் குடித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறேன். மூன்றாவது தடவை செபமாலை வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "இன்னிக்கும் டீ குடிச்சிட்டு வந்தீங்கன்னா நான் அங்கிட்டே எறங்கி நடந்து போயிருவேன்" என்றாள். அவளிடம் எல்லாவற்றையும் அதற்கு முந்தின நாள்தான் சொல்லியிருந்தேன்.

மூவர் கோயிலைத் தாண்டி, மண் ரோட்டில் இரண்டாவது வீடு. அழகுமலை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையிலும் கட்டு. அவர் சம்சாரம் முத்துமாரியம்மாள் கஞ்சியை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கப் பார்த்தார். கையை ஊன்ற முடியாமல் தடுமாறி மறுபடி உட்கார்ந்தார். நான் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"சார், தரையில ஒக்காராதீங்க. ஏ மாரி, சாருக்கு சேர் எடு."

"இருக்கட்டும் அண்ணே. கை எப்படி இருக்கு?"

"வலது கை வெரல் மூணு மடங்கல சார். பாப்பம்னு சொல்றாங்க."

அறிக்கையில் அவரைப் பற்றி எழுதியிருப்பதைச் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஏஜென்ட் போன் பண்ணி, இனிமேல் கப்பல் கிடையாது என்று சொல்லிவிட்டாராம். நீ எழுதியதையே நான் கேட்டேன். போல்ட் இருந்ததை ஏன் சொல்லவில்லை என்று.

தலையைக் குனிந்துகொண்டார். முத்துமாரியம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்தது.

"சொல்லிருந்தா ஒங்க சர்டிபிகேட்டு போயிரும்ல சார். ரியாஸ் சாரு சர்டிபிகேட்டும் போயிரும். என்னய ஏத்திவிட்டதே நீங்கதான்."

"கீழ போய்ப் பாத்துத்தான் போல்ட் இருக்குறது தெரிஞ்சதா?"

"இல்லீங்க சார். டிசம்பர்லயே தெரியும். வால்வுக்கெல்லாம் செகப்பு பெயின்ட் அடிக்கச் சொன்னீங்கல்ல, அப்பப் பாத்தேன். அந்த போல்ட்டுக்கும் சேத்துத்தான் அடிச்சேன். மேல கைப்பிடிய இழுத்தாலும் அது விழுகாதுன்னு தெரியும். அதான் போனேன்."

தீக்கு முன்னால் இது தெரிந்தவர்கள், சீஃபைத் தவிர்த்தால், நாம் இரண்டு பேர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சீஃப் ஆல் ஷட் என்று சொன்னபோது, அது பொய் என்று தெரிந்து டெக்கில் நின்ற ஆட்கள் மூன்று பேர். சீஃபும் நீயும் அப்படியே நின்றிருக்கிறீர்கள். ஒருத்தர் கீழே போயிருக்கிறார்.

டிசம்பரிலேயே ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாமே என்றேன். நான் கேட்டிருக்கவே கூடாது. அவர் பதில் சொன்னார்: "இன்ஜினியருங்க நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் அம்புட்டு எழுதிக்குவீங்க, மேசை டிராயர்ல வெப்பீங்க, பாத்துருக்கேன். அதுல இது இருக்கும்னு நெனச்சேன் சார். படிச்சவங்க, காரணமில்லாமலா வெச்சிருப்பீங்கன்னு இருந்துட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. என்மேல் அவருக்குக் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால், முகத்தில் காறித் துப்பியிருந்தால், வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். கிளம்பும்போது முத்துமாரியம்மாள் மட்டும் வண்டி வரைக்கும் வந்தது. "அவுக இப்படியே விட்டுருவாக. நான் விட மாட்டேன்னு இருந்தேன். யாருட்ட போயி என்னான்னு சொல்றதுன்னு தெரியல" என்றது. செபமாலை அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு நின்றேன்.

நேற்றுக் காலை கம்பெனிக்கு மெயில் அனுப்பிவிட்டேன். செப்டம்பரில் போல்ட்டைச் சொருகியது நான், பிப்ரவரியில் நான் இறங்கும்போதும் அது அங்கேதான் இருந்தது, என் ஐந்து கையெழுத்தும் பொய், அழகுமலை கீழே போனது சரி. நாலு வரி. எழுத இரண்டு நாள் ஆயிற்று. என் சர்டிபிகேட்டை நிறுத்தி வைப்பார்களோ பறிப்பார்களோ, தெரியாது. வயிற்றில் பயம் இருக்கிறது, ராத்திரி தூக்கமும் வருகிறது. இரண்டும் சேர்ந்து இருக்கலாம் என்று எனக்கு இத்தனை நாள் தெரியவில்லை.

உன் பெயரை எழுதவில்லை. உன் கடிதம் எதையும் அனுப்பவில்லை. நான் இறங்கினபிறகு நடந்தது உன்னுடையது, அதை நான் சொல்லக்கூடாது. நீ என்ன செய்தாலும் உன்மேல் எனக்கு வருத்தமில்லை. பெருநாளைக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்ற உன் ஆசை எனக்குத் தெரியும்.

உன் அண்ணன்
ஆரோக்கியதாஸ்


விசாகப்பட்டினம்
16.06.2024

தாஸ் அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் பன்னிரண்டாம் தேதி கிடைத்தது. உங்கள்மேல் எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இவருக்கு மட்டும் மனசாட்சி, எனக்கு இல்லையா, என் லீவு நேரத்தில்தான் இது வர வேண்டுமா என்று கட்டிலை உதைத்தேன். இப்போது இல்லை. எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

சூப்பரின்டென்டென்ட் முந்தாநாள் ஏறினார். உங்கள் மெயிலைப் பிரின்ட் எடுத்துக் கையில் வைத்திருந்தார். கேப்டன் ரூமில் சீஃபும் இருந்தார். "இது இறங்கிப்போன ஆள் சொல்றது. நீ ஏறினதும் போல்ட்ட எடுத்துட்ட, அப்புறம் வால்வு சரியா இருந்துச்சுன்னு எழுதிட்டா, தப்பு அவரோட முடிஞ்சுரும். உனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். பேனாவையும் மூடி கழற்றி நீட்டினார். எல்லாவற்றையும் உங்கள் தலையில் கட்டிவிட்டு நான் இறங்கிப் போயிருக்கலாம். ஒரு நிமிடம் நினைத்தேன், மறைக்கவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மார்ச் ஒன்றாம் தேதி பார்த்தது, எடுத்தது, கப்பல் இருட்டானது, திரும்பச் சொருகியது, மார்ச்சிலும் ஏப்ரலிலும் போட்ட என் இரண்டு கையெழுத்து, தீக்கு முந்தின ராத்திரி எடுக்காமல் தூங்கியது, டெக்கில் வாயைத் திறக்காமல் நின்றது, போல்ட்டைக் கடலில் போட்டது. கடைசி ஒன்றைச் சொல்லும்போது சீஃப் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்பேர் கேட்டு நீங்கள் எழுதிய மூன்று கோரிக்கையின் நகலும் ஃபைலில் இருந்தது, எடுத்து மேசைமேல் வைத்தேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள், நான் கையெழுத்துப் போட்டேன்.

சர்டிபிகேட்டை அனுப்பி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை கடல் கிடையாது. என் வேலைக்குப் புதிய ஆள் நேற்றே ஏறிவிட்டார். அவருக்கு இங்கிலீஷிலேயே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

"சரி, நீ கிளம்பு, ஃபிளைட்டுக்கு நேரமாச்சு" என்றார் சூப்பரின்டென்டென்ட். அழகுமலை பற்றிய ஒன்பதாவது பாரா என்ன ஆகும் என்று கேட்டேன். "அத ஆபீஸ் பாத்துக்கும்" என்றார். ஆபீஸ் எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும், அண்ணே. உங்கள் மூன்று கோரிக்கையையும் பார்த்த ஆபீஸ்தானே. அந்தப் பாராவை இங்கேயே நீக்கி, கேப்டன் கையெழுத்தோடு ஒரு பிரதி என் கையில் கொடுங்கள், அப்போதுதான் இறங்குவேன் என்றேன். சிரித்தார். நேற்றுக் கார் வந்து மூன்று மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

இன்றைக்கும் கார் வந்திருக்கிறது. கேப்டன் ரூம் வாசலில் என் பையைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உள்ளே ஆபீஸோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நாளைக்குப் பெருநாள். காலையிலேயே நிஷாவுக்குப் போன் பண்ணி, என்னை எதிர்பார்க்காதே, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உன் அத்தா வீட்டுக்குப் போய்விடு என்று சொல்லிவிட்டேன்.

ரியாசுதீன்